பட்டுப்பாதைக்கு முதல் பயணம்: உஸ்பெகிஸ்தானில் பெண்கள் படித்த தடத்தைப் பிடித்து

பட்டுப்பாதை என்று ஒரே ஒரு சாலை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சீனத்தின் சியான் நகரத்தில் கிளம்பி மத்தியதரைக் கடல் வரை பிரிந்தும் சேர்ந்தும் போன பல வழிகளுக்குப் பின்னாளில் வைத்த பெயர் அது. முழுவதும் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் விசா வாங்குவதற்குள்ளேயே உற்சாகம் வடிந்துவிடும். அதனால் முதல் முறை போகிறவர்கள் உஸ்பெகிஸ்தானோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய வணிக நகரங்கள் ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன. தனியாகப் போகும் பெண்களுக்கும் பெரிய தொந்தரவு இல்லாத நாடு. செலவும் கையைக் கடிக்காது.

ஆனால் ஒன்று. வழக்கமான சுற்றுலாத் திட்டத்தில் போனால், மூன்றாம் நாளில் நீலக் குவிமாடங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். எதைப் பார்த்தோம், எந்த ஊரில் பார்த்தோம் என்பது குழம்பிவிடும். கையில் ஒரு கேள்வியோடு போனால் இந்தச் சலிப்பு வராது. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: இந்தப் பாதையில் எழுதப் படிக்க யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், பெண்களுக்கு அது எப்படிக் கிடைத்தது? இதைப் பிடித்துக்கொண்டால், வேறு யாரும் நின்று பார்க்காத சில இடங்களில் நீங்கள் நிற்பீர்கள்.

கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெண்

சமர்கண்டைச் சுற்றி வாழ்ந்தவர்கள் சோக்தியர்கள். பட்டுப்பாதை வணிகத்தில் பெரும்பகுதி பல நூற்றாண்டுகள் அவர்கள் கையில் இருந்தது. அங்கே ஆண் குழந்தை பிறந்தால் நாக்கில் தேனும் உள்ளங்கையில் பசையும் தடவுவார்கள் என்று சீனத்தின் தாங் வம்ச வரலாறு எழுதிவைத்திருக்கிறது. பேச்சு இனிக்க வேண்டும், காசு கையில் ஒட்ட வேண்டும். கணக்கும் எழுத்தும் பையனுக்குச் சிறு வயதிலேயே வந்துவிடும், இருபது வயதில் வெளிநாடு போய்விடுவான்.

வீட்டுப் பெண்கள்? 1907-இல் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் சீனத்தின் துன்ஹுவாங் அருகே ஒரு பாழடைந்த காவல் கோபுரத்தில் ஒரு தபால் பையைக் கண்டெடுத்தார். போய்ச் சேராமல் போன சோக்தியக் கடிதங்கள் அதில் இருந்தன. கி.பி. 313-ஐ ஒட்டிய காலம். அவற்றில் இரண்டு மிவ்னாய் என்ற பெண்ணுடையவை. கணவன் நனைதத் அவளையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான். கையில் காசில்லை, உறவினர்கள் உதவவில்லை, ஊருக்குக் கூட்டிப்போகவும் ஆளில்லை. உன்னோடு வாழ்வதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம் என்று கணவனுக்கு எழுதுகிறாள். கடிதத்தின் கடைசியில் மகள் ஷைனின் வரிகளும் இருக்கின்றன. நாங்கள் சீனர்களுக்கு வேலைக்காரிகளாகிவிட்டோம் என்கிறாள் அவள். பட்டுப்பாதையைப் பற்றிப் பேசும்போது ஒட்டகமும் பட்டும் மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் இதை ஒருமுறை தேடிப் படித்துவிட்டுப் போவது நல்லது. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தக் கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது.

விசா, பணம், பருவம்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இ-விசா உண்டு. உஸ்பெகிஸ்தான் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். முப்பது நாள் தங்கக்கூடிய ஒருமுறை விசாவுக்கு 20 டாலர். சில வேலை நாட்களில் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். நடுவில் ஏஜென்ட் தேவையே இல்லை. மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் 2018-லிருந்து முப்பது நாள் வரை விசா இல்லாமலே போகலாம். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் அந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் டெல்லி வழியாகப் போவது எளிது. டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு நேரடி விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம்தான்.

பணம் சோம். ஒரு டாலருக்குப் பத்தாயிரத்துக்கும் மேலே சோம் வரும், எனவே சாப்பாட்டு பில்லைப் பார்த்துப் பதற வேண்டாம். ரூபாயை அங்கே மாற்றுவது கஷ்டம். மடிப்பு, கிறுக்கல் இல்லாத டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள்.

தங்கும் ஒவ்வோர் இடத்திலும் உங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஓட்டலும் விருந்தினர் இல்லமும் அவர்களே பதிந்துவிடுவார்கள். யாராவது தெரிந்தவர் வீட்டில் தங்கினால் மட்டும் நீங்கள்தான் கவனித்துச் செய்ய வேண்டும். பதிவுச் சீட்டு கொடுத்தால் நாடு திரும்பும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூன் கடைசியிலிருந்து ஒரு நாற்பது நாள் வெயில் கொளுத்தும், நம்மூர் வெயில் பழகியவர்களையும் வாட்டும். பள்ளிக்கூடங்களும் மே கடைசியில் மூடி செப்டம்பர் முதல் வாரத்தில்தான் திறக்கும். வெள்ளைச் சட்டையும் தலையில் பெரிய வெள்ளை ரிப்பனுமாகச் சிறுமிகள் பூங்கொத்தோடு பள்ளிக்குப் போகும் காட்சியைப் பார்க்க வேண்டுமானால் அந்தச் செப்டம்பர் வாரத்தில் போங்கள்.

ரயில் டிக்கெட்டை முதலில் போடுங்கள்

ஓட்டல் எப்போதும் கிடைக்கும், ரயில் கிடைக்காது. தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா மூன்றையும் அஃப்ரோசியோப் என்ற அதிவேக ரயில் இணைக்கிறது. 2011-இல் தாஷ்கண்டுக்கும் சமர்கண்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. சுமார் 340 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டி ஓடிக் கடந்துவிடும். ஒட்டகச் சாத்து ஒரு நாளில் போனது முப்பது, நாற்பது கிலோமீட்டர். வசந்த காலத்தில் இந்த ரயிலில் இடங்கள் வாரக்கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடும். ரயில்வேயின் தளத்தில் கடவுச்சீட்டு எண் கொடுத்து வாங்க வேண்டும், அதே கடவுச்சீட்டை ஏறும்போதும் காட்ட வேண்டும். அஃப்ரோசியோப் கிடைக்காவிட்டால் ஷர்க் ரயிலில் போகலாம். கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் ஜன்னல் வழியே பருத்திக் காடுகளை நிதானமாகப் பார்க்கலாம்.

தாஷ்கண்டில் வடக்கு, தெற்கு என்று இரண்டு ரயில் நிலையங்கள். எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு டாக்சி ஏறுங்கள். டாக்சிக்கு யாண்டெக்ஸ் கோ செயலி போதும்.

அந்தப் பருத்திக் காடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சோவியத் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள், ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பள்ளிப் பிள்ளைகளையும் கல்லூரி மாணவர்களையும் ஆசிரியர்களையும் பருத்தி பறிக்கக் கூட்டிப்போனார்கள். பாடம் வாரக்கணக்கில் நின்றுபோகும். உலகம் முழுவதும் ஆடை நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணித்த பிறகு, படிப்படியாக அது நின்றது. அமைப்புரீதியான கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும் ஒழிந்துவிட்டன என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2022-இல் அறிவித்தது, புறக்கணிப்பும் அதே ஆண்டில் முடிந்தது. இன்று உங்களோடு பேசும் முப்பது வயதுப் பெண்ணுக்குப் பருத்திக் காட்டு நினைவு இருக்கலாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் துருவ வேண்டாம்.

தாஷ்கண்டில் ஒரு நாள் போதும்

1966 நிலநடுக்கத்தில் பழைய நகரத்தின் பெரும்பகுதி போய்விட்டது. அதே ஆண்டு ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி இறந்ததும் இங்கேதான், அவர் பெயரில் ஒரு தெருவும் சிலையும் இருக்கின்றன. சோர்சு சந்தையில் உலர்பழம் வாங்கிவிட்டு மெட்ரோவில் ஏறுங்கள். 1977-இல் திறந்த மெட்ரோ இது, படம் எடுக்க 2018 வரை தடை இருந்தது, இப்போது இல்லை. கொஸ்மொனாவ்ட்லார் நிலையத்தில் இறங்குங்கள். நீலச் சுவரில் யூரி ககாரினும், விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலெண்டினா தெரெஷ்கோவாவும் இருக்கிறார்கள். அதே வரிசையில் பதினைந்தாம் நூற்றாண்டு அரசன் உலுக் பெக். ஏன் என்று சமர்கண்டிலும் புகாராவிலும் தெரியும்.

பெர்கானா பள்ளத்தாக்கு: பலரும் தவிர்க்கும் இடம், தவிர்க்கக் கூடாத இடம்

பெரும்பாலான பயணத் திட்டங்கள் நேரே சமர்கண்ட் போய்விடும். நம் கேள்விக்கு விடை அதிகம் கிடைக்கும் இடம் பெர்கானாதான். தாஷ்கண்டிலிருந்து ஆண்டிஜான் போகும் ரயிலில் ஏறினால், 2016-இல் திறந்த 19 கிலோமீட்டர் கம்சிக் சுரங்கத்துக்குள் புகுந்து மலையின் மறுபக்கம் வந்துவிடுவீர்கள்.

முதலில் கோகண்டில் இறங்குங்கள். மதரசாக்கள் ஆண்களுக்கானவை. பெண் குழந்தைகள் படித்தது ‘ஓதின்’ என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்களின் வீடுகளில். நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், திண்ணை மட்டும் வீட்டுக்கு உள்ளே. குர்ஆனும் பாரசீக, துருக்கியக் கவிதைகளும் பாடம். மர்கிலானைச் சேர்ந்த ஜஹோன் ஓதின் உவைசி என்ற கவிஞர்தான் கோகண்ட் அரசி நோதிராவுக்கு ஆசிரியர். நோதிராவின் கணவர் உமர் கான் 1822-இல் இறந்தபோது பட்டத்துக்கு வந்த மகன் சிறுவன். நாட்டை நடத்தியதில் நோதிராவுக்குப் பெரிய பங்கு இருந்தது. 1842-இல் கோகண்டைப் பிடித்த புகாரா அமீர் நஸ்ருல்லா அவரைக் கொன்றார். 

திலஷோத் பர்னோ கதை இன்னும் எனக்குப் பிடித்தது. போரில் சிறைபிடிக்கப்பட்டு கோகண்டுக்குக் கொண்டுவரப்பட்ட பெண் அவர். அங்கேயே திருமணமாகி, சுமார் அரை நூற்றாண்டு பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பின்னாளில் பெண்களின் நிலையைப் பற்றிக் கூர்மையாக எழுதிய அன்பர் ஓதின் அவரிடம் படித்தவர். கோகண்டில் எல்லோரும் குதோயார் கான் அரண்மனையைப் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். அப்புறம் நோதிராவோடு தொடர்புடைய மொதாரி கான் கல்லறை மண்டபத்துக்கும் நடந்து போய்விட்டு வாருங்கள்.

அடுத்த ஊர் மர்கிலான். பட்டு நெய்யும் ஊர் இதுதான். பட்டுக்கூடுகளை வெந்நீரில் போட்டு நூல் பிரிப்பது, முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பது, தறியில் அத்லஸ் துணி நெய்வது எல்லாவற்றையும் யோத்கோர்லிக் பட்டுப் பட்டறையில் பார்க்கலாம். நூல் பிரிப்பவர்களும் நெய்பவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். வாங்கும்போது நூறு சதவீதப் பட்டா, பருத்தி கலந்த அத்ரஸா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

சமர்கண்டில் எதை, எந்த வரிசையில்

முதலில் அஃப்ராசியாப் அருங்காட்சியகம். 1965-இல் சாலை போடும்போது வெளிப்பட்ட ஏழாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. அரசன் வர்குமானைப் பார்க்கச் சீனர்கள் பட்டோடு வருகிறார்கள், கொரியத் தூதர்கள் இறகு வைத்த தொப்பியோடு நிற்கிறார்கள். மிவ்னாய் திரும்ப ஏங்கியது இவர்களின் உலகத்துக்குத்தான்.

அப்புறம் நகருக்கு வெளியே கோனிகில் கிராமம். மல்பெரி மரத்தின் பட்டையை ஊறவைத்து இடித்துக் காகிதம் செய்கிறார்கள். இலையைப் பட்டுப்புழு தின்னும், பட்டை காகிதமாகும். 751-இல் நடந்த தலாஸ் போருக்குப் பிறகு சீனக் கைவினைஞர்களால் காகிதத் தொழில் சமர்கண்டுக்கு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. எப்படி வந்திருந்தாலும், இங்கிருந்துதான் அது மேற்கே பரவியது. தோலில் எழுதிய காலத்தில் புத்தகம் பணக்காரர் பொருள். காகிதம் வந்த பிறகுதான் ஓதின் வீட்டுப் பிள்ளை கையிலும் ஓர் ஏடு இருக்க முடிந்தது.

ரெகிஸ்தானை மாலையில் பாருங்கள். சதுக்கத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் 1417-1420இல் கட்டிய உலுக் பெக் மதரசா, முகப்பெல்லாம் நட்சத்திரங்கள். மற்ற இரண்டும் பதினேழாம் நூற்றாண்டு. மாணவர்கள் தங்கிய சிறு அறைகள் இப்போது நினைவுப்பொருள் கடைகள், எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். உலுக் பெக்கின் வானாய்வுக் கூடம் நகரின் வடகிழக்கில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அங்கே அளந்து பட்டியலிட்டார்கள்.

பீபி கானிம் மசூதிக்கு எதிரே ஒரு கல்லறை மண்டபம் தனியாக நிற்கிறது. தைமூரின் மனைவி சராய் முல்க் கானிம் கட்டிய மதரசாவில் மிஞ்சியது அதுதான். ஒரு பெண் தன் செலவில் கல்விக்கூடம் கட்டலாம், உள்ளே உட்கார்ந்து படிக்க முடியாது. அந்தக் காலம் அப்படி.

சோவியத் ஆட்சி வந்தபோது மாற்றம் மேலிருந்து திணிக்கப்பட்டது. உஸ்பெக் குடியரசின் தலைநகரம் அப்போது சமர்கண்ட். 1927 மார்ச் 8-இல் பெண்களின் மூடுதுணியை ஒழிக்கும் ‘ஹுஜூம்’ இயக்கம் தொடங்கியது. சதுக்கங்களில் பெண்கள் பரஞ்சி என்ற முழு மூடுதுணியைக் கழற்றித் தீயில் போட்டார்கள். வீட்டுக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கணக்கானோரைச் சொந்த உறவினர்களும் ஊர்க்காரர்களும் கொன்றார்கள். பள்ளிக்கூடம் வந்தது, எழுத்தறிவு வந்தது, அந்த விலையோடு வந்தது. ஓதின்களின் வீட்டுப் பள்ளிகள் தலைமறைவாயின. உஸ்பெகிஸ்தானில் இன்று எழுதப் படிக்கத் தெரியாதவர் அனேகமாக இல்லை.

சமர்கண்ட் தெருவில் தமிழோ மலையாளமோ தெலுங்கோ காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கிறார்கள். உக்ரைன் போரால் படிப்பு நின்றுபோனவர்கள் பலரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பெண்கள் நிறைய. நல்ல இந்தியச் சாப்பாடு எங்கே என்று அவர்களைக் கேளுங்கள், எந்த வழிகாட்டி நூலையும்விடச் சரியாகச் சொல்வார்கள்.

சைவக்காரர்களுக்கு

கஷ்டம்தான், பட்டினி இல்லை. ‘கோஷ்த்சிஸ்’ என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் பிலாவ் என்ற கறிச்சோற்றிலிருந்து கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தட்டை நீட்டக்கூடும், அவர்கள் கணக்கில் அது சைவம். பூசணி வைத்த சம்சா, தக்காளி வெங்காய சாலட், தயிர், நோன் ரொட்டி, பழங்கள் இவற்றை நம்பலாம். ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், அவமரியாதை.

சமர்கண்டிலிருந்து புகாராவுக்கு: ஒருமுறை காரில் போங்கள்

திரும்பும்போது ரயிலில் வரலாம். போகும்போது வாடகைக் கார் எடுங்கள், வழியில் ரபாதி மாலிக் இருக்கிறது. நவாயி நகரத்தைத் தாண்டி, சாலையோரத்தில் பதினொன்றாம் நூற்றாண்டு ஒட்டகச் சத்திரத்தின் முகப்பு மட்டும் தனியாக நிற்கும். சாலையின் எதிர்ப்பக்கம் சர்தோபா, குவிமாடம் மூடிய தண்ணீர்த் தொட்டி. 2023-இல் யுனெஸ்கோ சேர்த்த ஜராப்ஷான்-கரகும் பட்டுப்பாதைத் தடத்தில் இதுவும் உண்டு. இந்தப் பாலை நிலத்தில் நின்று அடுத்த நிழல் எங்கே என்று தேடிப் பாருங்கள், சத்திரத்துக்கும் தண்ணீருக்கும் ஏன் அவ்வளவு செலவழித்தார்கள் என்பது புரியும்.

புகாராவில் எல்லாம் நடை தூரம். டோகி சரோஃபோன் என்ற குவிமாடச் சந்தியில் காசு மாற்றுவோர் கடை வைத்திருந்தார்கள், அவர்களில் இந்தியர்களும் உண்டு. டோகி சர்கரோன் என்ற நகைக்கடைச் சந்தியைத் தாண்டியதும் உலுக் பெக் இந்த ஊரில் கட்டிய மதரசா. 1417. எதிரே இருக்கும் அப்துல் அஜீஸ் கான் மதரசா அலங்காரமானது, எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் இந்தப் பக்கம் திரும்பி வாசல் கதவருகே நில்லுங்கள். கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று அங்கே செதுக்கியிருக்கிறது. அந்த வாசலுக்குள் மாணவியாக எந்தப் பெண்ணும் நுழையவில்லை. இருந்தாலும் அரசன் அதை எழுதிவைத்தான்.

இதைப் பார்த்த கையோடு ஃபைசுல்லா ஹோஜயேவ் வீட்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பெரிய வணிகரின் வீடு. மகன் ஃபைசுல்லா புரட்சிக்காரராகி, உஸ்பெக் அரசின் தலைவராகி, 1938-இல் ஸ்டாலின் ஆட்சியில் சுடப்பட்டார். வீட்டில் ஆண்கள் பகுதி தனி, இச்கரி என்ற பெண்கள் பகுதி தனி. ஓதின் வந்து பாடம் சொன்னது எப்படிப்பட்ட இடத்தில் என்று கற்பனை செய்ய இதைவிட நல்ல வீடு இல்லை.

கீவா என்ற இன்னொரு பழைய நகரத்தை முதல் பயணத்தில் விட்டுவிடலாம். தொலைவு அதிகம், ஊரும் கொஞ்சம் கண்காட்சிபோல ஆகிவிட்டது.

பள்ளிக்கூடம் பார்க்க ஆசையா?

வேண்டாம். சாக்லேட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கிராமப் பள்ளிக்குள் நுழைவது உதவி அல்ல, பாடத்தைக் கெடுப்பது. அனுமதி இல்லாமல் உள்ளே விடவும் மாட்டார்கள். பெண்கள் படிப்புக்கு உங்கள் பயணத்தால் ஏதாவது நடக்க வேண்டுமென்றால் பணத்தை எங்கே கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். சமர்கண்டிலும் புகாராவிலும் உரிமம் பெற்ற பெண் வழிகாட்டிகள் நிறையப் பேர், மொழிக் கல்லூரியில் படித்து வந்தவர்கள். அரை நாளுக்காவது ஒருவரை அமர்த்துங்கள். பெண்கள் நடத்தும் விருந்தினர் இல்லத்தில் தங்குங்கள். சுசானி பூவேலைத் துணியைச் செய்தவரிடமே வாங்குங்கள்.

ரெகிஸ்தான் பக்கம் பள்ளி மாணவிகள் கூட்டமாக வந்து ஆங்கிலத்தில் பேசிப் பழகலாமா என்று கேட்பார்கள். அரை மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்து பேசுங்கள். ராஜ் கபூரைப் பற்றியும் கேட்பார்கள், பாட்டிகள் சொன்ன கதை. மேற்படிப்பு பற்றிக் கேளுங்கள். 2022-லிருந்து பெண்களுக்கு முதுகலைப் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. ஆனால் இளங்கலை முடிக்கும் முன்பே கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும் வீடுகளும் உண்டு. அதை அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

நாள் மிச்சமிருந்தால் டெர்மெஸ்

தெற்கு எல்லை, ஆமு தரியா ஆற்றங்கரை. இந்தியாவுக்குப் போன கிளைப் பாதை இங்கேதான் ஆற்றைக் கடந்து பால்க் வழியாகப் போனது. பௌத்தமும் இதே வழியில்தான் வந்தது. ஃபயாஸ் தெபே மடாலயத்தின் இடிபாடுகளில் நின்றால் தெரியும். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி சுவான்சாங் இந்த ஊரைக் கடந்து நம் பக்கம் வந்தார்.

மறுகரை ஆப்கானிஸ்தான். பத்தாம் நூற்றாண்டில் ராபியா என்ற பெண் பாரசீகத்தில் கவிதை எழுதிய ஊர் பால்க். 2021-லிருந்து அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்க முடியாது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. ஆற்றின் இந்தப் பக்கம், டெர்மெஸில், ஆப்கன் மாணவர்களுக்கென்று 2018-லிருந்து ஒரு கல்வி மையம் நடக்கிறது, பெண்களும் அங்கே படித்திருக்கிறார்கள். அந்த மாணவிகளைத் தேடிப் போய்ப் பேட்டி எடுக்க முயலாதீர்கள். ஊரில் அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது, உங்கள் சமூக ஊடகப் பதிவு யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

எல்லைப் பகுதி என்பதால் ஆற்றுப் பக்கமும் 1982-இல் திறந்த நட்புப் பாலத்தின் பக்கமும் கேமராவை உள்ளே வையுங்கள். கடவுச்சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு காலை, ஃபயாஸ் தெபேவுக்கு ஒரு மாலை, அவ்வளவுதான் வேண்டும். தாஷ்கண்ட் திரும்ப விமானமும் உண்டு, இரவு ரயிலும் உண்டு. நாட்டிலேயே வெயில் அதிகமான ஊர் இது, ரயில் என்றால் ஏசி பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.